பத்தாவது வெள்ளிக்காசு

வேதபகுதி: லூக்கா 15:8–10, யாத்திராகமம் 17:8–13



சுகமளிக்கும் ஊழியத்தைப் பற்றிய பாடங்களில் நாம் வழக்கமாக டாக்டர்களைப் பற்றியும் நர்சுகளைப் பற்றியும் படிக்கிறோம். இம்முறை, நோயாளிகள் பெரும்பாலும் முகத்தையே பார்த்திராத ஓர் ஊழியரைப் பற்றிப் படிப்போம். பார்த்தாலும் முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள்தான் தெரியும். அதற்குள் மயக்க மருந்து வேலை செய்யத் தொடங்கிவிடும். அறுவை அரங்கில் டாக்டருக்கு எதிரே நின்று கருவிகளை எடுத்துக் கொடுக்கிறவர் அவர். சில ஆஸ்பத்திரிகளில் இந்த வேலையைத் தியேட்டர் சிஸ்டர் செய்கிறார். சிலவற்றில் தியேட்டர் டெக்னீஷியன் செய்கிறார். இப்போது பட்டப்படிப்பு வந்துவிட்டபடியால் டெக்னாலஜிஸ்ட் என்றும் அழைக்கிறார்கள். தியேட்டருக்குள் எல்லாரும் "சிஸ்டர்", "அண்ணன்" என்றுதான் கூப்பிடுவார்கள்.

முதலில் லூக்கா 15-ஐத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்திரீயிடம் பத்து வெள்ளிக்காசு இருந்தது, ஒன்று காணாமற்போயிற்று. அவள் விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கி, கண்டுபிடிக்குமட்டும் தேடினாள் என்று நமது ஆண்டவர் சொன்னார். இந்த உவமையைப் பிரசங்கிக்கிறவர்கள் விளக்கைப் பற்றிச் சொல்லுவார்கள், துடைப்பத்தைப் பற்றிச் சொல்லுவார்கள், அண்டை வீட்டாரைக் கூப்பிட்டு மகிழ்ந்ததைப் பற்றிச் சொல்லுவார்கள். அதற்கெல்லாம் முந்தி நடந்த ஒரு காரியத்தைச் சொல்லுகிறவர்கள் குறைவு. காசு குறைகிறது என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது? அவள் எண்ணியிருக்க வேண்டும். எண்ணாதவள் வீட்டில் காசு தொலைந்தால் அது தொலைந்தது என்றுகூட யாருக்கும் தெரியாது.

அறுவை அரங்கின் ஊழியம் இந்த எண்ணிக்கையில்தான் தொடங்குகிறது.

வயிற்றைத் திறந்து செய்யும் ஓர் அறுவைக்கு எத்தனை சாமான்கள் மேஜைக்கு வருகின்றன என்று நம்மில் பலருக்குத் தெரியாது. கத்தி, கத்தரிக்கோல், இரத்தக்குழாயைப் பிடிக்கும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் வளைந்ததும் நேரானதும், ஊசி பிடிக்கும் நீடில் ஹோல்டர், வயிற்றுச் சுவரை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டர், தையல் ஊசிகள், சிறு காஸ் துணிகள், 'மாப்' என்கிற பெரிய காஸ் துணிகள். மாப் என்பது ஏறக்குறைய கைக்குட்டை அளவுள்ளது. மூலையில் நாடா தைத்திருக்கும். எக்ஸ்ரேயில் தெரியும்படி உள்ளே ஒரு விசேஷ நூல் ஓடும். வெள்ளையாக மேஜைமேல் இருக்கும்போது அது பெரியதாகத் தெரியும். இரத்தத்தில் நனைந்து குடலுக்குப் பின்னால் போய்விட்டாலோ, அதைச் சதையிலிருந்து பிரித்துப் பார்க்க எந்தக் கண்ணாலும் முடியாது.

ஆகையால் மாப்புகள் ஐந்து ஐந்தாகக் கட்டி வருகின்றன. கட்டைப் பிரித்ததும் கிருமியற்ற உடை அணிந்து மேஜையில் நிற்பவரும், வெளியே நின்று எடுத்துக் கொடுப்பவரும் இருவராக, ஒன்றொன்றாகப் பிரித்துக் காட்டி, வாய்விட்டு எண்ண வேண்டும். ஒருவர் எண்ண மற்றவர் தலையசைப்பது செல்லாது. கட்டில் நான்கோ ஆறோ இருந்தால் "சரி, நாலு என்று எழுதிக்கொள்வோம்" என்று சமாளிப்பதும் இல்லை. அந்தக் கட்டு முழுவதையும் ஒதுக்கி வைத்துவிட்டு வேறு கட்டை எடுக்க வேண்டும். சுவரில் உள்ள பலகையில் எண் ஏறுகிறது. அறுவையின் நடுவில் புதிதாக ஒரு கட்டு வாங்கினால் அதுவும் ஏறுகிறது. வயிற்றின் உள்ளுறையை மூடுமுன் ஓர் எண்ணிக்கை; தோலை மூடுமுன் இன்னொன்று. சிசேரியனில் கர்ப்பப்பையை மூடும்போதே ஒரு முறை எண்ணுகிறார்கள். நடுவில் ஆள் மாறினால் அப்போதும் எண்ண வேண்டும்.

நம் தஞ்சை ஜில்லாவில் களத்துமேட்டில் நெல் அளப்பதை மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லமாட்டார்கள்; 'லாபம்' என்பார்கள். அதற்குப் பிறகுதான் இரண்டு, மூன்று. மங்களகரமான வழக்கம், குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் தியேட்டரில் அப்படிப்பட்ட எந்த அலங்காரமும் கிடையாது. பயன்படுத்திய மாப்புகளை வெளியே நிற்பவர் குப்பை வாளியில் போட்டுவிட முடியாது. ஐந்து ஐந்தாக விரித்து, எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். அவற்றை நிறுத்துப் பார்த்து, உலர்ந்த எடையைக் கழித்தால், ஒரு கிராமுக்கு ஏறக்குறைய ஒரு மில்லி என்ற கணக்கில் நோயாளி எவ்வளவு இரத்தம் இழந்தார் என்பதும் தெரியும். எண்ணி முடிக்கும்வரை ஒரு வாளியும் தியேட்டரை விட்டுப் போகக்கூடாது.

எண்ணிக்கை குறைந்தால்? உவமையில் உள்ளதுதான். விளக்கைத் திருப்புகிறார்கள். தரையைப் பெருக்குவதுபோல் மேஜைக்கு அடியில், வாளிகளில், துணி மடிப்புகளில், டாக்டரின் காலணிக்கு அடியில்கூடத் தேடுகிறார்கள். டாக்டர் மறுபடி வயிற்றுக்குள் கைவிட்டுப் பார்க்கிறார். அதற்கும் கிடைக்காவிட்டால் மேஜைமேலேயே எக்ஸ்ரே எடுக்கிறார்கள். கண்டுபிடிக்குமட்டும் என்று வேதம் சொல்லுகிறது. அறுவை அரங்கின் விதியும் அதுவே.

எழுதும்போது இது எளிது. நடக்கும்போது எளிதல்ல. அறுவை மூன்று மணி நேரம் ஓடியிருக்கும். டாக்டர் களைத்திருப்பார். மயக்க மருந்து கொடுப்பவர் "சீக்கிரம் முடித்தால் நல்லது" என்று இரண்டு முறை சொல்லியிருப்பார். வெளியே வராந்தாவில் இன்னொரு நோயாளி காத்திருப்பார். அப்போது அந்த ஒருவர், படிப்பிலும் சம்பளத்திலும் அந்த அறையில் கீழே இருப்பவர், "சார், ஒரு மாப் குறைகிறது. மூடவேண்டாம்" என்று சொல்ல வேண்டும். "நன்றாகப் பார், இருக்கும்" என்று பதில் வரும். மறுபடியும் "இல்லை சார்" என்று சொல்ல வேண்டும். தஞ்சாவூர் என்றாலே தலையாட்டி பொம்மை என்று ஊரார் கேலி செய்வார்கள். அந்த இடத்தில் தலையாட்டிவிட்டால் ஒரு குடும்பத்தின் தகப்பனோ தாயோ சில மாதம் கழித்து விளங்காத வயிற்றுவலியோடும் சீழோடும் திரும்பி வருவார்; சில வேளை திரும்பியே வரமாட்டார்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. 2003-ஆம் ஆண்டு அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அதுல் கவாண்டே என்ற அறுவை மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உடலுக்குள் ஏதோ ஒன்று விடுபட்டுப்போன 54 நோயாளிகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். விடுபட்டவற்றில் பெரும்பங்கு பஞ்சும் துணியும்தான். எண்ணிக்கை எடுத்திருந்த அறுவைகளில் ஏறக்குறைய 10-இல் 9-இல் 'கணக்குச் சரி' என்றே எழுதியிருந்தது! அவசர அறுவையில் இந்த ஆபத்து சாதாரண அறுவையைவிட ஒன்பது மடங்கு. அறுவையின் நடுவில் திட்டம் மாறினால் நான்கு மடங்கு. எண்ணத் தெரிந்தால் மட்டும் போதாது என்பது இதிலிருந்து தெரிகிறது. எந்த நேரத்தில் கணக்குப் பிசகும் என்று முன்கூட்டியே உணரும் ஒருவர் அங்கே நிற்க வேண்டும். அந்த உணர்வு புத்தகத்தில் வருவதில்லை, வருஷங்களில் வருகிறது.

நமது ஆஸ்பத்திரிகளின் வேலையோ பெரும்பாலும் அவசரத்தில்தான் நடக்கிறது. காவிரிப் படுகையில் திட்டமிட்ட அறுவைகளுக்கு மக்கள் தாங்களே ஒரு காலண்டர் வைத்திருக்கிறார்கள். குடலிறக்கம் இருக்கிறவர் நாற்று நடும்போது வரமாட்டார். தை அறுவடை முடிந்து நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைப் போட்டுப் பணம் கைக்கு வந்தபின்தான் வருவார். மற்றவை காலண்டர் பார்ப்பதில்லை. அரிவாள் பட்ட கை வரும். கதிரைப் பிடிக்கும் கை இடது கை ஆகையால் வெட்டும் பெரும்பாலும் அதில்தான். அறுவடை இயந்திரத்தில் மாட்டிய கால் வரும். மாட்டுப் பொங்கலை ஒட்டி மாடு குத்திய வயிறு வரும். பிரசவமோ எந்த மாதத்திலும், எந்த ராத்திரியிலும்.

மாதிரிக்கு ஓர் இரவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேராவூரணிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி இரத்தப்போக்கோடு வேனில் வந்து இறங்குகிறாள். டாக்டர் பார்த்தவுடன் சிசேரியன் என்கிறார். அனுபவமுள்ள தியேட்டர் ஊழியர் அடுத்த பத்து நிமிஷத்தில் என்ன செய்கிறார்? சிசேரியன் செட்டை மட்டும் எடுத்துவரமாட்டார். இரத்தம் நிற்காவிட்டால் கர்ப்பப்பையையே எடுக்க நேரிடும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே அந்தச் செட்டையும், பிரிக்காமல், கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பார். குழந்தைக்கு வேண்டிய உறிஞ்சு குழாய் வேலை செய்கிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பார். அந்த அவசரத்திலும் மாப்புகளை எண்ணுவார். எண்ணவே முடியாத நிலை என்றால் அதை மறைக்காமல் சொல்லி, முடிவில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று எழுதி வைப்பார். முதுகில் ஊசி போடுவதென்றால், "அம்மா, பூனை மாதிரி முதுகை வளைச்சு உக்காருங்க, என் தோளைப் பிடிச்சுக்குங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்று அவளைத் தாங்கிக்கொண்டு நிற்கிறவரும் பல இடங்களில் இவர்களில் ஒருவர்தான். டாக்டர்கள் எனக்கு மன்னிப்பு அளிக்கட்டும்: அந்த நேரத்தில் அந்தத் தாய்க்கு ஆஸ்பத்திரி என்பது அந்தத் தோள்தான்.

அறுவை தொடங்கியபின் அவர் பேசுவது குறைவு. டாக்டர் கையை நீட்டுவார், ஏறிட்டுப் பார்க்கமாட்டார். வேண்டிய கருவி, வேண்டிய பக்கம் வளைவு திரும்பியபடி, உள்ளங்கையில் உறுதியாக வந்து உட்கார வேண்டும். கத்தியை மட்டும் கைக்குக் கை கொடுப்பதில்லை; தட்டில் வைத்து நீட்டுவார்கள். திருவையாற்று உற்சவத்தில் மிருதங்கக்காரரைக் கவனித்திருந்தால் இது விளங்கும். பாடகர் எங்கே போகப்போகிறார் என்பது அவருக்கு ஓர் அட்சரம் முன்னாலேயே தெரிந்திருக்கும்.

வெட்டி எடுத்த திசுவை என்ன செய்வது என்பதும் இவர் பொறுப்பு. புற்றுநோயா என்று பார்க்கப் போகும் துண்டு ஃபார்மலினில் போக வேண்டும். எந்தக் கிருமி என்று பார்க்கப் போகும் துண்டு ஃபார்மலினில் போகவே கூடாது. போனால் கிருமி செத்துவிடும், சோதனை வீண். புட்டியின்மேல் பெயர், நம்பர், எந்தப் பக்கத்து உறுப்பு என்று எழுதாமல் விட்டால், ஒரு மனுஷியின் மார்பிலிருந்து எடுத்த கட்டிக்குப் பதில் சொல்ல யாராலும் முடியாமல் போகும். மறுபடி எடுப்பதற்கு அங்கே கட்டி இருக்காது.

இதெல்லாம் காலையில் முதல் நோயாளி வருமுன் தொடங்கிவிடுகிறது. ஆட்டோகிளேவ் என்பதை நம் தாய்மாருக்கு விளக்க வேண்டியதில்லை. அது பெரிய பிரஷர் குக்கர். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் நீராவி 121 டிகிரி செல்சியஸ் சூட்டை அடைகிறது. குக்கரில் ஆவி நன்றாக வந்தபின்தானே வெயிட் போடுகிறீர்கள்? உள்ளே இருக்கும் காற்று வெளியேற வேண்டும் என்பதற்காக. ஆட்டோகிளேவிலும் அதே காரணம்தான். காற்று தங்கிய இடத்தில் ஆவி நுழையாது. ஆவி தொடாத இடத்தில் கிருமி சாகாது. ஆகவே டிரம்மில் துணியை அழுத்தித் திணிக்கக்கூடாது. உள்ளே வைக்குமுன் டிரம்மின் பக்கத்துத் துளைகளைத் திறக்க வேண்டும், எடுத்தவுடன் மூட வேண்டும். ஈரமாக வெளியே வந்த பொட்டலத்தை, எவ்வளவு நேரம் வெந்திருந்தாலும், கிருமியற்றது என்று எண்ணக்கூடாது. ஈரத்தின் வழியாகக் கிருமி உள்ளே ஏறிவிடும். பொட்டலத்தில் ஒட்டிய பட்டையில் கறுப்புக் கோடு வந்தால் அது சூட்டைக் கண்டது என்று மட்டுமே அர்த்தம். கிருமிகளில் மகா பிடிவாதமான ஒரு வகையின் வித்துகளை உள்ளே வைத்து, அவையும் செத்தனவா என்று அவ்வப்போது பார்ப்பதே நம்பகமான சோதனை. இத்தனையும் தெரிந்தவர், நேரமில்லை என்று யாரோ அவசரப்படுத்தும்போது "இந்த டிரம் வேண்டாம்" என்று சொல்லுகிறவர், ஒரு தொற்றும் இல்லாமல் வீட்டுக்குப் போகிற நோயாளியின் பேரில் எந்தப் பெயரும் வாங்குவதில்லை.

டாக்டர்கள் அணியும் ரப்பர் கையுறை இப்படிப்பட்ட ஓர் ஊழியரால்தான் வந்தது. 1889–90 வாக்கில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரித் தியேட்டரில் கரோலின் ஹாம்ப்டன் என்ற நர்சு கருவி கொடுத்துக்கொண்டிருந்தார். கிருமி கொல்லும் மருந்து நீர் அவர் கைகளைப் புண்ணாக்கிவிட்டது. நல்ல ஊழியரை இழக்க மனமில்லாத டாக்டர் வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் கம்பெனிக்கு எழுதி, மெல்லிய கையுறைகள் செய்வித்தார். முதலில் அது அந்த நர்சின் தோலைக் காப்பாற்றத்தான். நோயாளியையும் அது காப்பாற்றுகிறது என்று பிறகுதான் தெரிந்தது. (1890-இல் அவ்விருவருக்கும் விவாகம் நடந்தது.)

இப்போது யாத்திராகமம் 17-க்கு வருவோம். யோசுவா பள்ளத்தாக்கில் அமலேக்கியரோடு யுத்தம் பண்ணுகிறான். மலையுச்சியில் மோசேயின் கைகள் உயர்ந்திருக்கும்போது இஸ்ரவேலர் மேற்கொள்ளுகிறார்கள். தாழும்போது அமலேக்கியர் மேற்கொள்ளுகிறார்கள். மோசேயின் கைகள் அசந்துபோயின. ஆரோனும் ஊரும் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவனை உட்காரவைத்து, இரண்டு பக்கமும் நின்று, சூரியன் அஸ்தமிக்கும்வரை அவன் கைகளைத் தாங்கினார்கள். ஊர் என்பவரைப் பற்றி வேதத்தில் நாம் அறிந்தது சொற்பமே.

தஞ்சாவூர்ச் சின்னக் கோட்டையில் ஸ்வார்ட்ஸ் ஆலயத்தைப் பார்த்தவர்கள், பிளாக்ஸ்மன் செதுக்கிய வெண்பளிங்குச் சிற்பத்தையும் பார்த்திருப்பீர்கள். 1798-இல் மரித்த ஸ்வார்ட்ஸ் ஐயரின் மரணப்படுக்கையருகே சரபோஜி நிற்கிறார். அந்தச் சரபோஜி மன்னர் பிற்காலத்தில் கண் வைத்தியத்தில் மிகுந்த ஈடுபாடு கொண்டார். கண் நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகளும் கண்களின் வண்ணப் படங்களும் இன்றும் சரசுவதி மகாலில் உள்ளன. புரை அறுத்த காலம் அது. ஈதர் மயக்கம் உலகத்துக்குத் தெரிந்ததோ 1846-இல். அந்நாளில் விழித்திருக்கிற ஒரு மனுஷனின் கண்ணில் ஊசி நுழைய வேண்டுமானால், அவன் தலையை இம்மியும் அசையாமல் ஒருவர் பிடித்திருக்க வேண்டும். அது எந்த ராஜ்யமானாலும், எந்த வைத்தியரானாலும் அப்படித்தான். அந்தப் பிடி தளர்ந்தால் கண் போயிற்று.

வேலூரின் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வரலாறு நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். மூன்று பேர் வந்து கதவைத் தட்டிய இரவைச் சொல்லாத மிஷன் ஞாயிறு இல்லை. 1900-இல் அவர் டாக்டராகத் திரும்பி வந்தபோது பெரிய அறுவை செய்ய வேண்டிய முதல் நோயாளி வந்தாள். பக்கத்தில் நிற்கப் பயிற்சி பெற்ற ஒருவரும் இல்லை. வீட்டு பட்லரின் மனைவி சலோமி வந்து நின்றாள். சமையற்கட்டில் பழகிய கைகள். சுத்தமும் நிதானமும் உள்ள கைகள். அறுவை நன்றாக முடிந்தது. வேலூரில் 1902-இல் ஷெல் ஆஸ்பத்திரி எழும்பியதும், 1909-இல் நர்சுப் பள்ளியும் 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கியதும் பிற்பாடு. மூன்று தட்டுகளை நினைக்கிற நாம் சலோமியையும் நினைத்தால் நல்லது.

அமெரிக்காவில் விவியன் தாமஸ் என்ற கறுப்பின மனிதர் இருந்தார். தச்சுவேலை கற்றவர். டாக்டராக வேண்டும் என்று சேர்த்து வைத்த பணம் வங்கி திவாலானதில் போயிற்று. 1930-இல் டாக்டர் ஆல்பிரட் பிளேலாக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். செய்தது ஆய்வு, சம்பளப் பட்டியலிலோ வெகுகாலம் கூட்டிப் பெருக்குகிறவர்களின் வரிசையில் இருந்தார். இருதயக் கோளாறினால் உடல் நீலம் பாரித்துச் சாகும் குழந்தைகளுக்கான அறுவையை நாய்களில் செய்து செய்து பழகியவர் அவர். 1944 நவம்பர் 29 அன்று ஒரு குழந்தைக்கு அதை முதன்முதலாகச் செய்தபோது, பிளேலாக் தம் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போடச் சொல்லி, தாமசை அதன்மேல் நிற்கவைத்தார். தையல் எந்தத் திசையில் போக வேண்டும் என்று பின்னாலிருந்து அவர் சொல்லச் சொல்ல அறுவை நடந்தது. கௌரவ டாக்டர் பட்டம் 1976-இல் வந்தது. 32 ஆண்டுகள்.

2008-இல் உலக சுகாதார நிறுவனம் அறுவைகளுக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்கம் கொடுக்குமுன், கத்தி வைக்குமுன், தியேட்டரை விட்டு நோயாளி போகுமுன் என மூன்று இடங்களில் நிறுத்திக் கேட்க வேண்டிய 19 காரியங்கள். புதுதில்லி உட்பட எட்டு நகரங்களின் எட்டு ஆஸ்பத்திரிகளில் அதைப் பரீட்சித்தபோது, அறுவைக்குப் பின்னான மரணங்கள் நூற்றுக்கு 1.5-லிருந்து 0.8-ஆகக் குறைந்தன, சிக்கல்கள் 11-லிருந்து 7 ஆயின. பட்டியலில் கருவி, துணி, ஊசி எண்ணிக்கை உண்டு என்று சொல்ல வேண்டியதில்லை. என் கவனத்தைக் கவர்ந்தது வேறொன்று: கத்தி வைக்குமுன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். ஒருமுறை வாய்திறந்து பெயர் சொன்னவருக்கு, பின்பு "மூடவேண்டாம் சார்" என்று சொல்லவும் வாய் வரும்.

அன்பானவர்களே, இனிச் சொல்லப்போவதைக் கொஞ்சம் தயக்கத்தோடு சொல்லுகிறேன். நம்முடைய காணிக்கைகள் கட்டிடத்துக்கும் கருவிக்கும் தாராளமாக வருகின்றன. தியேட்டர் விளக்குக்கு, ஜெனரேட்டருக்கு, ஆட்டோகிளேவுக்கு. தகப்பனாரின் ஞாபகார்த்தமாகப் பெயர்ப் பலகை வைக்கலாம். பிரதிஷ்டை ஆராதனையில் படம் எடுக்கலாம். அதைக் குறை சொல்லவில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்து நம் மாவட்டங்களில் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தபோது, ஜெனரேட்டரின் அருமை யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் நடு அறுவையில் விளக்கு அணைந்து ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் உள்ள சில விநாடிகளை எண்ணிப்பாருங்கள். மின்சாரத்தால் இரத்தக்குழாயைச் சுட்டு அடைக்கும் கருவி நின்றுபோகும். டாக்டர் அழுத்திய விரலை எடுக்க முடியாது. அந்த இருட்டில் டார்ச்சு எங்கே என்று தேடாமல் எடுக்கிறவரும், கட்டுவதற்கு நூலைத் தயாராக நீட்டுகிறவரும் ஜெனரேட்டரோடு கப்பலில் வருவதில்லை.

அப்படி ஒருவரை உருவாக்கப் பத்து வருஷம் ஆகிறது. அதன்பின் அவரைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியோ, வளைகுடா நாடோ கூப்பிடுகிறது. பிள்ளைகளின் படிப்புச் செலவு இருக்கிறவர் போகிறார். அவரைக் குறை சொல்ல நமக்கு நியாயமில்லை. 2021-இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழிலோருக்கான தேசியச் சட்டம், அறுவை அரங்குத் தொழில்நுட்பத்தை ஒரு தொழிலாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. இனி முறையான படிப்பும் பதிவும் வேண்டும். அனுபவத்தால் மட்டும் கற்று மிஷன் தியேட்டர்களில் நின்ற தலைமுறை ஓய்வுபெறுகிறது. கிராமத்துச் சபைப் பிள்ளை ஒருவரை இந்தப் படிப்புக்கு அனுப்பும் செலவும், படித்து வந்தவர் ஐந்து வருஷம் நிலைத்திருக்கும்படியான சம்பளமும் எந்தச் சுவரிலும் கல்வெட்டாக எழுத முடியாத காணிக்கை. இப்படிக் கேட்டு எழுதுவது பிரதிஷ்டைக்கு அழைப்பதைப்போல் அல்ல என்று தெரியும். உங்கள் சபைக் கமிட்டியில் ஒருமுறை பேசிப்பாருங்கள். அடுத்த வருஷம் ஆஸ்பத்திரிக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால், "என்ன வாங்க வேண்டும்?" என்று கேட்பதற்குமுன் "யாரைப் படிக்கவைக்க வேண்டும்?" என்று கேட்டு எழுதுங்கள்.

பெண்கள் ஐக்கியத்திலோ வாலிபர் கூட்டத்திலோ இதைப் பாடமாக எடுப்பவர்களுக்கு ஒரு யோசனை. ஒரு மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, பத்துக் காசுகள், பத்து ஊசிகள், ஐந்து கைக்குட்டைகள் வையுங்கள். ஒருவரை மேஜைக்குப் பொறுப்பாக நிறுத்துங்கள். மற்றவர்கள் ஒரு கீர்த்தனை பாடியபடி, ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, கையில் வைத்துப் பார்த்து, திருப்பித் தரட்டும். நடுவில் இரண்டு பேர் அவரிடம் வேறு பேச்சுக் கொடுக்கட்டும். ஒருவர் "சீக்கிரம், நேரமாயிற்று" என்று சொல்லிக்கொண்டே இருக்கட்டும். யாரேனும் ஒருவர் ஓர் ஊசியைத் திருப்பித் தராமல் சேலைத் தலைப்பில் குத்திக்கொள்ளட்டும். பாட்டு முடிந்ததும் சபைத் தலைவரோ மூத்த தாயாரோ "எல்லாம் சரியா? ஜெபித்து முடிக்கலாமா?" என்று கேட்க வேண்டும். மேஜையில் நிற்கிறவர் என்ன பதில் சொல்லுகிறார் என்று பாருங்கள். அதன்பின் லூக்கா 15:8-ஐ மறுபடியும் வாசித்து, இரண்டு காரியங்களைப் பேசுங்கள்: பத்தாவது காசு நம் ஊரில் யாருடையது? நம் சபையில் "இன்னும் மூடவேண்டாம்" என்று சொல்ல எளியவர் ஒருவருக்கு இடம் இருக்கிறதா?

ஜெபக்குறிப்பு: இன்று இரவு பணியில் இருக்கும் தியேட்டர் ஊழியர்களுக்காக, தை மாத அறுவடைக்குப் பின் அறுவைக்கு வரவிருக்கும் நோயாளிகளுக்காக, இவ்வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, என்ன படிப்பது என்று தெரியாமல் இருக்கும் நம் சபைப் பிள்ளைகளுக்காக.